இழுத்தால் வர வேண்டும், திருப்பினால் நிற்க வேண்டும்

பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா நெருங்குகிற மாசி நாட்களில் எங்கள் பக்கத்தில் மேடைகள் ஓய்வதில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை பின்மதியம், பதினெட்டு வயதிருக்கும், ஒரு பையன் பெருமாட்டியில் இருக்கிற என் வீட்டு முன்னறைக்கு எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்தான். கிட்டாரைக் கீழே வைப்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே வெள்ளை நிற வால்யூம் குமிழ். வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று அவன் அம்மா கொடுத்துவிட்ட தீப்பெட்டி.

“சின்ன வேலைதானுங்ணா. ஒரு சொட்டு பசை வெச்சு ஒட்டிக் குடுத்தீங்கன்னா போதும். ஏழு மணிக்குப் புரோகிராம்.”

நான் பசையை மேஜையில் வைத்துக்கொள்வதில்லை. அவனை உட்காரச் சொல்லிவிட்டு, குமிழ் இல்லாமல் மொட்டையாக நின்ற தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தேன். ஆடிப்போன குமிழோடு கருவி வரும்போதெல்லாம் என் கை முதலில் செய்வது இதைத்தான். எங்கே ஆடுகிறது என்று தெரியாமல் எதையும் இறுக்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிட்டாரையே தொட்டறியாத என் அப்பா.

அப்பா ரேடியோ மெக்கானிக். பொள்ளாச்சியில் தொழில் கற்றுக்கொண்டு எல்லை தாண்டி இந்த ஊரில் வந்து உட்கார்ந்தவர். எங்கள் வீட்டில் எப்போதும் ஏழெட்டு ரேடியோ வயிறு திறந்து கிடக்கும். கோயம்புத்தூர் ஒரு முள்ளில், திருச்சூர் ஒரு முள்ளில், இரவானால் இலங்கை. குமிழைத் திருப்பினால் முள் நகர வேண்டும். குமிழ் மட்டும் சுற்றி முள் நின்றுவிட்டால் அந்த ரேடியோ எவ்வளவு நன்றாகப் பாடினாலும் வீட்டுக்காரருக்கு அது கெட்டுப்போன ரேடியோதான். பத்து வயதில் நான் முதலில் கழற்றக் கற்றுக்கொண்டது குமிழை. இரண்டு பக்கமும் விரல் கொடுத்து நேராக மேலே இழுக்க வேண்டும், சாய்க்கக் கூடாது. அதைச் சொல்லும்போது அப்பா ஒரு வரி சொல்வார்: “இழுத்தா வரோணும், திருப்பினா நிக்கோணும், கண்ணு. ரெண்டும் இருந்தாத்தான் அது வேலை.”

அப்பா சொன்னது ரேடியோவுக்கு. ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரின் குமிழும் ரேடியோக் கடையிலிருந்து வந்ததுதான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. உலகம் முழுக்க மேடைகளில் இன்றும் நிற்கிற ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் 1954-ல் வெளிவந்தது. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938 முதல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். கிட்டார் வாசிக்க அவருக்குத் தெரியாது. ரேடியோவுக்குள் இருந்த வால்யூம் கன்ட்ரோலும் அதன் குமிழுமே கிட்டாரின் உடம்பில் ஏறின. ஒரு வால்யூம், இரண்டு டோன் என்று மூன்று குமிழ்கள். அப்பாவின் மேஜையிலிருந்து என் மேஜைக்கு வந்த தூரம் அவ்வளவு அதிகமில்லை.

குமிழுக்கு அடியில் இருப்பதை ரேடியோக்காரர்கள் ‘கன்ட்ரோல்’ என்பார்கள், கிட்டார்க்காரர்கள் ‘பாட்’ என்பார்கள். ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமான தகரக் கூடு. அதற்குள் குதிரை லாடம் போல வளைந்த கரிப் பட்டை. அதன் மேல் ஊர்கிற ஒரு சின்ன உலோக நாக்கு. தண்டைத் திருப்பினால் நாக்கு பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். முக்கால் சுற்று, கொஞ்சம் கூடக் குறைய. வெளியே மூன்று கால்கள்; நடுக்கால் நாக்கினுடையது. மெல்லிய ஒற்றைச் சுருள் பிக்அப் உள்ள கிட்டாருக்குப் பெரும்பாலும் 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் உள்ளதற்கு 500 கிலோ ஓம். இதைத் தவிர அதற்குள் ரகசியம் எதுவும் இல்லை. கம்பியின் அதிர்வு பிக்அப்பில் மின்சாரமாகி, இந்தக் கரிப் பட்டையைத் தாண்டித்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. வாசிப்பவன் கை கடைசியாகத் தொடும் வாசல் அதுதான்.

அந்த வாசலின் கைப்பிடி ஆடினால் என்ன ஆகும் என்பதை வாசிக்காதவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராடோகாஸ்டரின் வால்யூம் குமிழ் கம்பிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. வலது கையின் சுண்டுவிரல் வாசித்துக்கொண்டே அதை எட்டும். குமிழை மூடி வைத்து, கம்பியை மீட்டி, உடனே சுண்டுவிரலால் திறந்தால் மீட்டிய ‘டக்’ மறைந்து ஓசை மட்டும் வயலின் வில் போல உள்ளிருந்து எழும்பும். 2023-ல் மறைந்த கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் இதை ஒரு மொழியாகவே ஆக்கியவர். நம் பக்கத்து இசைக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. 1978-ல் குடிவாடாவில் ஒன்பது வயதில் மேடையேறிய மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளும் மின்சாரமும் உள்ள கருவியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அதை வளைத்து, அசைத்து, கமகமாக்க ஓசை நீடிக்க வேண்டும். சின்ன மரக் கூட்டால் அது முடியாது. மின்சாரம்தான் அந்த நீளத்தைக் கொடுத்தது. கிட்டாரில் கர்நாடக இசை வாசித்த சுகுமார் பிரசாத்துக்கும் பிரசன்னாவுக்கும் இதே கணக்குத்தான். ஓசையின் நீளம் மின்சாரத்தில் இருக்கிறதென்றால் அதன் அளவு குமிழில் இருக்கிறது.

குமிழ் வழுக்கினால் அதன் மேலிருக்கிற எண் பொய் சொல்லத் தொடங்கும். நேற்று ஏழில் வைத்துப் பாடகருக்குப் பின்னால் அடக்கமாக வாசித்தவன், இன்று ஏழில் வைத்தால் பத்து கேட்கும். மேடை இருட்டில் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. விரல் அந்தத் திருப்பத்தின் அளவை நினைவு வைத்திருக்கிறது. விரலின் நினைவை நம்ப முடியாமல் போன வாசிப்பாளன் பாடலை விட்டுவிட்டுக் குமிழைப் பார்க்க ஆரம்பிப்பான். பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனின் மெட்டுகளைத்தான் எங்கள் பக்கத்து இன்னிசைக் குழுக்கள் இன்றும் அதிகம் வாசிக்கின்றன. அவற்றில் கிட்டார் வந்து போகிற இடங்கள் நாலு மாத்திரைதான் இருக்கும். அந்த நாலு மாத்திரையில் குமிழைத் தேட நேரம் கிடையாது. இதனால்தான் ‘சின்ன வேலை’ என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

இனி, ஆட்டம் எங்கே என்பது. மூன்று இடங்கள்தான். முதலாவது, குமிழுக்கும் தண்டுக்கும் நடுவில். இரண்டாவது, பாட்டைக் கிட்டாரின் உடம்போடு பிடித்திருக்கிற நட்டில். மூன்றாவது, தண்டுக்கும் அது நுழைந்து வரும் பித்தளைக் கழுத்துக்கும் நடுவில். குமிழைக் கடைசி வரை திருப்பி, இன்னும் ஒரு இம்மி தள்ளிப் பாருங்கள். தண்டு நின்று குமிழ் மட்டும் வழுக்கினால் முதலாவது. குமிழோடு அடியிலிருக்கும் எல்லாமே சேர்ந்து சுற்றினால் இரண்டாவது. எதுவும் சுற்றாமல் தண்டு பக்கவாட்டில் மட்டும் தலையாட்டினால் மூன்றாவது. மூன்றாவதற்கு வைத்தியம் இல்லை. கழுத்து தேய்ந்த பாட்டை மாற்றிவிட வேண்டும். மற்ற இரண்டும் கைக்குள் அடங்குபவை.

குமிழைக் கழற்றுவதிலேயே பாதிக் கிட்டார்கள் காயப்படுகின்றன. ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்புவார்கள். குமிழின் விளிம்பு உடையும், பலகையில் பிறை போல ஒரு பள்ளம் விழும். நான் பயன்படுத்துவது ஈரிழைத் துண்டின் ஓரம். எங்கள் ஊரில் குளிக்கவும் தலை துவட்டவும் வைத்திருக்கிற அதே மெல்லிய துண்டு. அதன் ஓரத்தைக் குமிழுக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து நேராக மேலே இழுத்தால் குமிழ் ‘பொக்’கென்று கையில் வந்துவிடும். துண்டு தடிமனாகத் தோன்றினால் ஷூ நாடா. பக்கவாட்டில் சின்னத் திருகு உள்ள உலோகக் குமிழாக இருந்தால் இழுக்கவே கூடாது. முதலில் ஆலன் கீயால் திருகைத் தளர்த்த வேண்டும். திருகு இருப்பதைப் பார்க்காமல் இழுத்துத் தண்டையே பிடுங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பையனின் கிட்டாரில் இருந்தது பிளந்த தண்டு. தண்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெட்டு, வெளிச்சுற்று முழுக்க நுண்ணிய பற்கள். அந்தப் பற்கள் குமிழின் உட்பற்களோடு கோத்துக்கொள்ளும். நடுவெட்டு தண்டுக்கு வில் போல ஒரு விறைப்பைத் தரும். குமிழ் உள்ளே போகும்போது இரண்டு பாதியும் நெருங்கி, உள்ளே போனபின் வெளித்தள்ளிப் பிடிக்கும். அமெரிக்காவின் சி.டி.எஸ். நிறுவனப் பாட்டுகளில் 24 பற்கள். கிழக்காசியப் பாட்டுகளில் பெரும்பாலும் 18. ஒன்றுக்குச் செய்த குமிழ் மற்றதில் ஏறியது போல இருக்கும், ஆனால் கோத்துக்கொள்ளாது. ‘அழகாக இருக்கிறதே’ என்று வாங்கிப் போட்ட குமிழ் நாலு நாளில் வழுக்குவதன் காரணம் பெரும்பாலும் இந்த ஆறு பல் வித்தியாசம்தான்.

வெட்டுக்குள் பிளேடைக் கொடுத்து இரண்டு பாதியையும் சற்றே விரித்தால் பிடிப்பு வரும் என்பது எல்லோரும் சொல்லும் வழி. அது உண்மை. ஆனால் அந்த உண்மையில் நான் ஒருமுறை ஒரு தண்டை இழந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், கானமேளாக்காரர் ஒருவரின் கிட்டார். பித்தளைத் தண்டு என்று நினைத்து விரித்தேன். அது வார்ப்பு உலோகம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு பாதி ‘டிக்’கென்று ஒடிந்து என் மடியில் விழுந்தது. அன்றிரவு அவர் வால்யூமைக் குறடால் திருப்பி வாசித்தார். ஒரு வார்த்தை கூட என்னைச் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பாடமானது. அன்றிலிருந்து விரிப்பது கடைசி வழி. பித்தளைதான் என்று நிச்சயமானால் மட்டும், மயிரிழை அளவு, அதுவும் பிளேடை வெட்டின் அடிவரை இறக்கித்தான். நுனியை மட்டும் விரித்தால் குமிழ் நுனியில் பிடிக்கும், அடியில் ஆடும்.

முதல் வழி குழாய்க்காரர்களின் வெள்ளை டெஃப்லான் டேப். அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், இழுத்துச் சுற்றும்போது இன்னும் மெலியும். தண்டின் பற்கள் மேல் ஒரு சுற்று. குமிழை வைத்து அழுத்திப் பாருங்கள். போதவில்லையா, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்று தேவைப்பட்டால் குமிழே தவறான குமிழ் என்று பொருள். டேப் பற்களின் பள்ளத்தில் படிந்து குமிழின் உட்பற்களோடு ஒட்டாமல் நெருங்கி உட்காரும். திருப்பினால் நிற்கும். இழுத்தால் வரும். நாளைக்கு வேறொருவர் கழற்றினால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். தண்டு பிறந்தபோது இருந்தபடியே இருக்கும்.

பிளவில்லாத முழுத் தண்டும் திருகு வைத்த உலோகக் குமிழும் வேறு மாதிரி. அமெரிக்கக் குமிழின் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். மெட்ரிக் தண்டு 6 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.35. பக்கத்துக்கு 0.175. திருகை இறுக்கினால் அது தண்டை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடிக்கும். குமிழ் நிற்கும், ஆனால் மையம் தப்பி, திருப்பும்போது மாட்டு வண்டிச் சக்கரம் போலத் தலையாட்டும். அதற்கு மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டி, தண்டைச் சுற்றி முக்கால் வளையமாக இட்டு, வெட்டின் வாய் திருகுக்கு எதிரே வரும்படி வைக்க வேண்டும். திருகு தண்டைத் தொடுகிற இடத்தில் அரத்தால் இரண்டே இரண்டு இழுப்பு. ஒரு சமதளம் கிடைத்துவிட்டால் திருகு வழுக்காது. உருண்டையைக் கூர்முனையால் பிடிப்பது வெறும் பலம். சமதளத்தைப் பிடிப்பது புத்தி.

இனி நட்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் உண்மையான சேதம் இங்கேதான் தொடங்குகிறது. நட்டு தளர்ந்தால் குமிழைத் திருப்பும்போதெல்லாம் பாட்டே சுற்றும். அதன் முதுகில் ஈயம் வைத்துப் பற்றவைத்த எர்த் கம்பியும், கால்களில் இருக்கிற கம்பிகளும் கூடவே முறுக்கும். இருபது முறை முறுக்கி அவிழ்ந்த கம்பி இருபத்தோராவது முறை அறும். எர்த் அறுந்தால் ஆம்ப்ளிஃபயர் ‘ஹம்’மென்று முனகும். நடுக்கால் கம்பி அறுந்தால் பாடலின் நடுவில் கிட்டார் ஊமையாகும். ‘பிக்அப் போயிருச்சுங்ணா’ என்று வருகிற கிட்டார்களில் பலவற்றில் பிக்அப் சுகமாகத்தான் இருக்கும். ஆடிய ஒரு நட்டின் பாவம் அது.

எங்கள் ஊரில் நட்டு தளர்வதற்குக் காற்றும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். மேற்குத் தொடர்ச்சி மலை பிளந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயின் வாயில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து ஈரக் காற்று தள்ளும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வந்து உதட்டை வெடிக்க வைக்கும். ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆடியில் இறுக்கிய நட்டு தையில் கையால் திருப்பும்படி இருக்கும். தை பிறந்ததும் எனக்குத் தெரிந்த வாசிப்பாளர்களிடம் ஒருமுறை நட்டைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

இறுக்குவதற்கும் முறை இருக்கிறது. மேலிருந்து ஸ்பானர் போட்டு முறுக்கினால் நட்டோடு பாட்டும் சுற்றிக் கம்பியை அறுக்கும். அடியைத் திறக்க வேண்டும். லெஸ் பால் வகைக் கிட்டாரில் முதுகில் ஒரு மூடி, நாலு திருகு. ஸ்ட்ராடோகாஸ்டரில் முன்பலகையையே எடுக்க வேண்டும். இன்றைய வடிவத்தில் பதினொரு திருகு. உள்ளே விரல் கொடுத்துப் பாட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மேலே நட்டைத் திருப்ப வேண்டும். அமெரிக்கப் பாட்டுக்கு அரை அங்குல ஸ்பானர். சின்ன மெட்ரிக் பாட்டுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 11. குறடு கூடாது, அது நட்டின் மூலையை மழுங்கடிக்கும். திறக்கும்போதே பல் வைத்த நட்சத்திர வாஷர் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பாட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்து மரத்தைக் கடித்துக்கொள்ளும். மேலே நட்டுக்கு அடியில் தட்டை வாஷர். அது வண்ணப் பூச்சைக் காப்பாற்றும். பலரும் நட்சத்திர வாஷரை மேலே போட்டுவிடுகிறார்கள். பிடிப்பு உள்ளே வேண்டும், மென்மை வெளியே வேண்டும். எவ்வளவு இறுக்குவது? நட்டு நின்றபின் கால் சுற்றுக்கும் குறைவு. அதற்கு மேல் போனால் புரி போகும்.

முதுகில் மூடியே இல்லாத கிட்டார்கள் உண்டு. கிப்சன் நிறுவனம் 1958-ல் கொண்டுவந்த இ.எஸ்.335-ம் அதன் வழி வந்தவையும். உள்ளே பாதி பொள்ளல். வயலினைப் போல இரண்டு துளைகள் மட்டுமே வாசல். அதில் நட்டு முழுதாகக் கழன்று பாட் உள்ளே விழுந்தால் பிள்ளை கிணற்றில் விழுந்த மாதிரிதான். நான் செய்வது இது: பைக் பெட்ரோல் ட்யூபில் ஒரு முழத் துண்டு. அதைக் குமிழ் துளை வழியாக உள்ளே விட்டு, வயலின் துளை வழியாக வெளியே எடுத்து, தண்டின் மேல் செருகி, மெல்லப் பின்னோக்கி இழுத்தால் பாட் தன் துளையைத் தேடி வந்து எட்டிப் பார்க்கும். ட்யூபை விடாமல் வாஷரையும் நட்டையும் அதன் மேலேயே கோத்து இறக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் கிணறு. அந்த ஒரு நிமிடம் நான் மூச்சையும் மெதுவாகத்தான் விடுவேன்.

குமிழைத் திரும்பப் போடுவதும் வேலையில் சேர்த்திதான். தண்டைக் கடைசி வரை திருப்பி, குமிழின் 10 வாசிப்பவன் பார்க்கிற பக்கம் வரும்படி வைத்து அழுத்த வேண்டும். அழுத்துகிற பலம் முழுவதும் பாட்டின் முதுகுத் தகரத்தில்தான் போய்ச் சேரும். பலகை திறந்திருக்கும்போதே அடியில் விரல் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அழுத்தினால் அந்தத் தகரம் பிழைக்கும். குமிழ் பலகையைத் தேய்க்கக் கூடாது. அதற்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை அடியில் வைத்து, அது இறுகாமல் உருவி வரும் உயரத்தில் நிறுத்துவேன். பையனின் குமிழை அப்படித்தான் நிறுத்தினேன். டேப் ஒன்றரைச் சுற்று.

இந்தப் பிடிப்பை நான் கிட்டாரில் மட்டும் கற்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது பெருவெம்பு. செண்டை, மத்தளம், மிருதங்கம், தபலா என்று தோல் கருவிகள் செய்கிற குடும்பங்களின் ஊர். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாலக்காடு மணி ஐயரின் பெயரோடு சேர்ந்த மண்ணில் தோலும் பலாமரமும் வாரும் அறிந்த கைகள் இன்னும் இருப்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. அங்கே போகும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருப்பது வார் பிடிக்கிற நேரத்தை. வாரை இழுத்து இழுத்து, இரண்டு பக்கத் தோலும் ஒரே விறைப்புக்கு வரும்வரை மறுபடியும் மறுபடியும் இழுப்பார்கள். அந்தப் பிடிப்பில் ஆணி கிடையாது, பசை கிடையாது. எல்லாம் இழுவிசையில் நிற்கிறது. மிஞ்சிய வாரை அறுத்து எறியாமல் சுற்றி வைப்பார்கள். ஏனென்று கேட்டபோது அங்கிருந்த மூத்த ஆசான் சொன்னார், அடுத்த முறை பிடிக்கிறவனுக்கு வேண்டுமே என்று.

வீணையின் பிருடையும் அப்படித்தான். மரத் துளைக்குள் மரக் கட்டை. அது வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவுவார்கள். ஒட்டிவிட யாரும் நினைப்பதில்லை. ஒட்டிவிட்டால் சுருதி சேர்க்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். கிட்டாரின் குமிழுக்கு மட்டும் பசையோடு ஓடி வருவது ஏன் என்று யோசித்திருக்கிறேன். வீணையை நாம் உயிருள்ளதாக நினைக்கிறோம், கிட்டாரின் குமிழை ரேடியோ சாமானாக நினைக்கிறோம். அவ்வளவுதான்.

பசையின் கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த அமெரிக்கக் கிட்டார். வால்யூம் குமிழ் வழுக்குகிறதென்று யாரோ ஒரு சொட்டு உடனடிப் பசை விட்டிருந்தார்கள். அந்தப் பசை தண்ணீர் போல ஓடும். தண்டின் வெட்டு வழியே இறங்கி, கழுத்துக்குள் போய் எல்லாவற்றையும் ஒரே கல்லாக்கிவிட்டது. குமிழும் வரவில்லை, தண்டும் திரும்பவில்லை. குமிழை அறுத்தெடுத்துப் பாட்டைக் கழற்றி முதுகைப் பார்த்தேன். 1377622 என்று பொறித்திருந்தது. 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனம், 76 என்றால் 1976, 22 என்றால் அந்த வருடத்தின் இருபத்திரண்டாவது வாரம். மே மாதக் கடைசி. எங்கள் ஊரில் எடவப்பாதி என்கிற பருவமழைக்கு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் வாரம். அந்த வாரத்தில் எங்கோ ஒரு கை செய்து அனுப்பியது, அத்தனை வருடம் உழைத்தது, ஒரு சொட்டில் முடிந்தது. புதுப் பாட் போட்டுக் கொடுத்தேன், கிட்டார் பாடியது. பழைய பாட்டை எறிய மனமில்லாமல் அப்பாவின் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே அறம் அந்தப் பாட்டிலிருந்துதான் உறுதிப்பட்டது. கழற்ற முடியாதபடி செய்த வேலை, அடுத்து வருகிறவனின் கையைக் கட்டிப்போட்ட வேலை. ஒரு கருவி நம்மோடு முடிவதில்லை. எனக்கு முன்னால் ஒருவர் திறந்திருக்கிறார், எனக்குப் பின்னால் ஒருவர் திறப்பார். என் பிடிப்பு அவர் வரும்வரை நிற்க வேண்டும், அவர் வந்தபின் வழிவிட வேண்டும்.

அப்படி எனக்கு முன்னால் திறந்த ஒருவரைச் சந்தித்திருக்கிறேன், முகம் பார்க்காமல். சில வருடங்களுக்கு முன் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பழைய கிட்டார் வந்தது. டோன் குமிழின் திருகு காணாமல் போயிருந்தது. பொருத்தமான திருகுக்கு எங்கே போவது என்ற யோசனையோடு முதுகு மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்பக்கத்தில் மஞ்சளாகிப் போன இன்சுலேஷன் டேப் துண்டு. உரித்தால் அடியில் அதே அளவில் இரண்டு சின்னத் திருகுகளும் ஒரு நட்சத்திர வாஷரும். பெயர் இல்லை, தேதி இல்லை. எந்த ஊர்க்காரரோ, எத்தனை வருடத்துக்கு முன்போ, இந்தத் திருகு ஒருநாள் தொலையும் என்று தெரிந்து எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றை எடுத்துக் குமிழில் போட்டேன். மற்றதைப் புது டேப்பில் ஒட்டி அதே இடத்தில் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பையனின் முன்பலகையை மூடுவதற்கு முன்பும் அதைச் செய்தேன். டெஃப்லான் டேப் ஒரு சாண் சுருட்டி, ஒரு நட்சத்திர வாஷரோடு சேர்த்து உள்சுவரில் ஒட்டினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது எதுக்குங்ணா? நீங்கதான் இறுக்கிட்டீங்களே.”

“அடுத்த தடவ தெறக்கறவங்களுக்கு, தம்பி.”

அவன் குமிழைத் திருப்பிப் பார்த்தான், நின்றது. பிறகு நான் சொல்லாமலே இரண்டு விரலால் பிடித்து நேராக மேலே இழுத்தான். வந்தது. தானே அழுத்திப் பொருத்திக்கொண்டு, காலித் தீப்பெட்டியை மறுபடியும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஏழு மணி மேடைக்குப் புறப்பட்டான்.